வாட்ச் செயின் கையில் எப்படி உட்கார வேண்டும்: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு வாட்ச் கடை வைத்திருக்கிறேன். பேட்டரி மாற்ற வருகிறவர்களுக்கு அடுத்தபடியாக என்னிடம் வருவது செயின் தொல்லையோடு வருகிறவர்கள்தான். "நல்ல வாட்சு அண்ணாச்சி, ஆனா கையில நிக்க மாட்டேங்கு" என்று சொல்லி மேஜையில் கழற்றி வைப்பார்கள். அந்த வாட்ச் அப்புறம் பீரோவுக்குள் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. பெரும்பாலும் வாட்சில் குறை இருக்காது. செயினில் இருக்கும், அல்லது செயினை அளவு பார்த்த விதத்தில் இருக்கும். என்னிடம் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கடையில் பார்க்கும்போது அளவாக இருந்தது. என் கையில் கட்டினால் மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது?

வாங்கும்போது எல்லோரும் கேஸின், அதாவது வாட்சின் உடம்பின், குறுக்களவைத்தான் கேட்கிறார்கள். 40 மி.மீ., 42 மி.மீ. என்று அட்டையில் போட்டிருப்பதும் அதைத்தான். கைக்கு அது முக்கால்வாசி தேவையில்லாத கணக்கு. கேஸிலிருந்து செயினைப் பிடிக்க நீண்டிருக்கும் நான்கு கால்களை லக் என்பார்கள். மேல் லக் நுனியிலிருந்து கீழ் லக் நுனி வரை எவ்வளவு நீளம் என்பதைத்தான் கேட்க வேண்டும். மணிக்கட்டைச் சுற்றி நூல் வைத்து அளந்தால் 16 செ.மீ. வருகிற ஒருவருக்கு, மேல்பக்கத்தின் தட்டையான பகுதி சுமார் 5 செ.மீ. இருக்கும். லக் நீளம் 47, 48 மி.மீ. என்றால் கைக்குள் அடங்கும். 52 மி.மீ. ஆனால் இரண்டு பக்கமும் கூரையின் இறவாரம் போல வெளியே நீட்டும்.

இதோடு முடியவில்லை. லக்குகளுக்கு நடுவே செருகியிருக்கும் முதல் துண்டுக்கு எண்ட் லிங்க் என்று பெயர். அது கேஸோடு இறுகி நிற்கும், மடங்காது. சில செயின்களில் அதன் நடுப்பகுதி நாக்கு மாதிரி லக்கைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அப்புறம்தான் முதல் மடிப்பே தொடங்கும். அப்போது பக்கத்துக்கு 2, 3 மி.மீ. வாட்சின் நீளத்தோடு சேர்ந்துவிடும். வேறு சில செயின்களில் எண்ட் லிங்க் லக் நுனியோடு நின்றுவிடும். அடுத்த கண்ணி, அதாவது செயினின் அடுத்த துண்டு, அங்கிருந்தே நேராகக் கீழே தொங்கும். ஒரே கேஸ், ஒரே டயல், இரண்டு விதச் செயின் என்று மாட்டிப் பார்த்தால் ஒன்று அடக்கமாகவும் மற்றொன்று பெரிதாகவும் தெரியும். ஒல்லியான கைக்கு வாங்குகிறவர்கள் டயலைப் பார்ப்பதற்கு முன் வாட்சைப் பக்கவாட்டில் பிடித்து, முதல் மடிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். வாட்சைக் கட்டியதும் குனிந்து பார்க்காதீர்கள். நாம் ஓரடி தூரத்திலிருந்து பார்ப்பதால் எந்த வாட்சும் பெரிதாகத்தான் தெரியும். கடையில் இருக்கும் ஆள் உயரக் கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நின்று பாருங்கள். அடுத்தவர் கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

சின்னக் கண்ணி நல்லதா, பெரிய கண்ணி நல்லதா?

பத்தமடைப் பாய் தெரியும்தானே. கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கிழித்துப் போட்டு நெய்த பட்டுப் பாயைச் சுருட்டினால் துணி மாதிரி சுருண்டுகொள்ளும். கிழிக்காத முழுக் கோரைப் பாய் அப்படிச் சுருளாது, விறைத்துக்கொண்டு நிற்கும். செயினும் அதே மாதிரிதான். ஒவ்வொரு கண்ணியின் நீளமும் குறையக் குறைய மடிகிற இடங்கள் கூடும், செயின் கையின் வளைவோடு ஒட்டிப் போகும். நீளமான கண்ணிகள் வளைவைப் பின்பற்ற முடியாமல் மூலை மூலையாக நிற்கும். தடித்த மணிக்கட்டில் அது தெரியாது. 15 செ.மீ. கையில் கண்ணிக்கும் தோலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்.

அதனால் மெலிந்த கைக்கு என் சிபாரிசு எப்போதும் நீளம் குறைந்த கண்ணிதான். 5 வரிசைச் செயினைக் கடைகளில் ஜூபிலி செயின் என்கிறோம். ரோலக்ஸ் 1945-இல் டேட்ஜஸ்ட் வாட்சோடு கொண்டுவந்த செயினின் பெயர் அது. அப்புறம் எல்லாக் கம்பெனிகளும் அந்த மாதிரியில் செய்ய ஆரம்பித்தார்கள். நடுவில் மூன்று வரிசை சின்ன மணிகள், ஓரத்தில் இரண்டு அகன்ற வரிசை. மடிப்பும் நன்றாக விழும், பார்வைக்கு விசேஷ வீட்டுக்குப் போகிற தோரணையும் இருக்கும். 3 வரிசை அகலக் கண்ணிச் செயின் உறுதியானது, முரட்டு வேலைக்குத் தாங்கும். ஆனால் அதே அகலத்தில் இன்னும் கனமாகத் தெரியும்.

கம்பி வலை போல நெய்த மெஷ் செயினைப் பலர் யோசிப்பதே இல்லை. கண்ணி எடுக்கிற வேலை கிடையாது. லாக்கை நகர்த்தி எந்த இடத்திலும் நிறுத்தலாம். 14, 15 செ.மீ. கைக்காரர்கள், முக்கியமாகக் கல்லூரிப் பெண்கள், அதைக் கட்டிப் பார்த்துவிட்டு வேறு கேட்பதில்லை.

சில செயின் மேலேயும் கீழேயும் ஒரே அகலமாக இருக்கிறது, சில செயின் கீழே போகப் போக ஒடுங்குகிறது. வித்தியாசம் உண்டா?

நிறைய உண்டு. லக் பக்கம் 20 மி.மீ. அகலத்தில் தொடங்கி லாக் பக்கம் 16 மி.மீ.க்கு ஒடுங்குகிற செயினைக் கட்டினால் கண் டயலுக்குப் போகும், கை மெலிவாகத் தெரியும், எடையும் குறையும். மேஜையில் கை வைத்து எழுதும்போது லாக் இடிப்பதும் குறையும். ஒடுங்காத செயின் கையில் காப்புப் போட்ட மாதிரி ஒரே பட்டையாக நிற்கும். பெரிய கைக்கு அது கம்பீரம். சின்னக் கைக்கு வாட்சையே கனமாக்கிக் காட்டும். தனியாக வாங்கிப் போடுகிற மலிவுச் செயின்களில் பல ஒடுங்காமல் நேராக வரும். வாங்கும்போது இரண்டு முனையையும் அளக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு இறுக்கமாகக் கட்ட வேண்டும்?

லாக் போட்ட பிறகு, செயினுக்கும் கைக்கும் நடுவே சுண்டு விரல் நுனி நுழைய வேண்டும். முழு விரலும் நுழைந்தால் தளர்வு, நுழையவே இல்லையென்றால் இறுக்கம். கையை ஆட்டினால் வாட்ச் கொஞ்சம் நகரலாம், புறங்கைக்கு இறங்கி வரக் கூடாது. மணிக்கட்டின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் எலும்பைத் தாண்டி, முழங்கைப் பக்கமாக வாட்ச் உட்கார வேண்டும். எலும்பின் மேலே கட்டினால் எந்தச் செயினும் வலிக்கும். பைக் ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடித்து மணிக்கட்டை மடக்கும்போது சாவித் திருகு புறங்கையில் குத்துகிறது என்றால் வாட்ச் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. வெயிலில் கை வீங்கும். காலையில் ஏ.சி. ஷோரூமில் அளவு பார்த்து வாங்கியதை அக்னி நட்சத்திர மதியத்தில் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து டவுனுக்கு வெயிலில் போய் வந்து பார்த்தால் செயின் தடம் தோலில் பதிந்திருக்கும். அதே செயின் கார்த்திகை, மார்கழிக் காலையில் தொளதொளவென்று ஆடும். அதனால் என்னிடம் வருகிறவர்களை முடிந்தால் சாயங்காலம், கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்வேன். அந்த நேரத்துக்குச் சரியாக இருக்கிற அளவு நாள் முழுக்கச் சரியாக இருக்கும்.

ஒரு கண்ணி எடுத்தால் பிடிக்கிறது, சேர்த்தால் தளர்கிறது. நடுவில் வழியே இல்லையா?

இருக்கிறது. ஒரு கண்ணி 8 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்தால் சுற்றளவில் 8 மி.மீ. ஒரேயடியாகக் குறையும். கைக்கு வேண்டியதோ 3, 4 மி.மீ.தான். இதற்காகத்தான் மடக்கு லாக்கின் ஓரத்தில் வரிசையாகச் சின்னத் துளைகள் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பாரை, அதாவது அழுத்தினால் சுருங்குகிற குட்டிக் கம்பியை, அழுத்தி ஒரு துளை நகர்த்தினால் போதும். செயினில் பாதி நீளக் கண்ணி ஒன்றிரண்டு இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். புதிதாக வருகிற சில வாட்சுகளில் கருவியே இல்லாமல் கையாலேயே கொஞ்சம் நீட்டிக்கொள்கிற லாக் இருக்கிறது. வெயில் ஊர்க்காரர்களுக்கு அது பெரிய வரம். விலை கொஞ்சம் கூடினாலும் வாங்கலாம் என்பேன்.

வண்ணத்துப்பூச்சி மாதிரி இரண்டு பக்கமும் விரிகிற லாக் பார்க்க அழகு. மூடினால் லாக் இருப்பதே தெரியாது. ஆனால் அதில் இந்தத் துளைகள் பெரும்பாலும் கிடையாது. கண்ணி அளவு உங்கள் கைக்கு ஒத்து வந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் காலமெல்லாம் ஒன்று பிடிக்கும் அல்லது ஆடும். வாங்குவதற்கு முன் கடையிலேயே கண்ணி எடுத்துக் கட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

லாக் மணிக்கட்டின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகவே போகிறது. வாட்சும் வெளிப்பக்கம் சாய்கிறது.

கண்ணிகளை ஒரே பக்கத்திலிருந்து எடுத்திருப்பார்கள். அவசரத்தில் நடக்கிற தவறு இது. நான்கு கண்ணி எடுக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் பிரித்து எடுக்க வேண்டும். பலருடைய கைக்கு 6 மணிப் பக்கம் ஒரு கண்ணி குறைவாக இருந்தால்தான் லாக் சரியாக நடுவில் வரும். ஒரு பக்கத்துக் கண்ணியை மறுபக்கம் மாற்றுவது பத்து நிமிஷ வேலை.

செயின் அளவு சரிதான். ஆனாலும் வாட்ச் உருண்டு உள்ளங்கைப் பக்கம் போய்விடுகிறதே?

தலை கனம், வால் லேசு. தடித்த ஸ்டீல் கேஸில் மெல்லிய தகட்டை மடித்துச் செய்த செயினை மாட்டினால் இப்படித்தான் ஆகும். செயினும் லாக்கும் கொஞ்சம் எடை கொண்டிருந்தால் தராசுத் தட்டு மாதிரி இரண்டு பக்கமும் சமமாகும். வாட்ச் தானாக மேலே நிற்கும். கனம் பிடிக்காதவர்கள் கேஸ், செயின் இரண்டுமே டைட்டானியத்தில் வருகிற வாட்சைப் பாருங்கள். அதன் அடர்த்தி ஸ்டீலின் அடர்த்தியில் பாதிக்குக் கொஞ்சம்தான் கூடுதல். கட்டியிருப்பதே தெரியாது. நிறம் மட்டும் கொஞ்சம் சாம்பல் ஓடியிருக்கும்.

கறுத்த கைக்கு ஸ்டீல் எடுக்குமா? மாப்பிள்ளைக்குத் தங்கக் கலரே வாங்கிவிடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். கறுத்த கையில் ஸ்டீல் துலங்குகிற மாதிரி வெளுத்த கையில் துலங்காது. நம் கைக்கு எடுக்காத உலோகம் என்று ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, மெருகை. கண்ணாடி மாதிரி பளபளக்கும் செயின் மண்டபத்து விளக்கில் ஜொலிக்கும். ஆனால் ஒரே மாதத்தில் கீறல் கீறலாகத் தெரியும். மெல்லிய கோடுகள் ஓடவிட்ட மங்கல் மெருகு கீறலை மறைக்கும். வெயிலில் கண்ணைக் கூசாது, கையையும் அடக்கமாகக் காட்டும். ஓரம் மங்கல், நடுவரிசை மட்டும் பளபளப்பு என்று கலந்து வருவது தினமும் கட்டவும் விசேஷத்துக்குக் கட்டவும் ஒத்து வரும்.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குத் தங்கக் கலர் வாட்ச் எடுப்பது நம் பக்கத்து வழக்கம். எடுங்கள், நல்லதுதான். ஆனால் மலிவான முலாம் லாக்கின் ஓரத்தில்தான் முதலில் போகும். மேஜையில் உரசுவது அந்த இடம், வியர்வை நிற்பதும் அந்த இடம். தினமும் கட்டப் போகிறவர் என்றால் ஓர வரிசை ஸ்டீலாகவும் நடுவரிசை மட்டும் தங்க நிறமாகவும் இருக்கிற இரட்டை நிறச் செயின் எடுங்கள். முலாம் போகும்போதும் அசிங்கமாகத் தெரியாது.

வளையலோடு சேர்த்து ஸ்டீல் செயின் கட்டலாமா?

ஒரே கையில் வேண்டாம் அக்கா. 22 காரட் தங்கம் மென்மையானது, ஸ்டீல் கடினமானது. இரண்டும் நாள் முழுக்க உரசினால் தேய்வது வளையல்தான். வாட்ச் ஒரு கை, வளையல் ஒரு கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வளையல் மாதிரியே விறைப்பாக, ஒரு பக்கம் கீல் வைத்துத் திறக்கிற வாட்சுகள் வருகின்றன. அவற்றை வளையல் அளவை வைத்து வாங்கிவிட்டு வருத்தப்படுகிறார்கள். 2.4 என்றால் உள் குறுக்களவு 2 அங்குலமும் 16-இல் 4 பங்கும், அதாவது சுமார் 57 மி.மீ. 2.6 என்றால் சுமார் 60 மி.மீ. அது விரல் மொழிகளைத் தாண்டி உள்ளே நுழைவதற்கான அளவு. திறந்து மூடுகிற வாட்ச் அப்படி நுழைய வேண்டியதில்லை, அதனால் அதைவிடச் சின்னது போதும். மணிக்கட்டையே நூலால் அளந்து, அதைவிட ஒரு செ.மீ. கூடுதலான உள் சுற்றளவு பாருங்கள்.

கேஸும் செயினும் ஒன்றாகச் சேர்ந்தே இருக்கிற வாட்ச் இப்போது நிறைய வருகிறதே, வாங்கலாமா?

அழகில் குறை சொல்ல முடியாது. 1972-இல் ஜெரால்டு ஜெண்டா வடிவமைத்து ஓடமார் பிகே வெளியிட்ட ராயல் ஓக்கிலிருந்து அந்தப் பாணி பரவியது. 1976-இல் அவரே படேக் ஃபிலிப்புக்கு நாட்டிலஸ் வரைந்து கொடுத்தார். கேஸின் கோடு தடங்கல் இல்லாமல் செயினுக்குள் ஓடிவருவதுதான் அதன் சிறப்பு. இன்று சில ஆயிரம் ரூபாய்க்கே அந்த வடிவம் கிடைக்கிறது.

இரண்டு விஷயம் மட்டும் யோசியுங்கள். லக் இல்லாததால் அட்டையில் போட்ட நீளம் குறைவாக இருக்கும். ஆனால் முதல் கண்ணி விறைப்பாக வெளியே போவதால் கையில் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக உட்காரும். இரண்டாவது, செயின் போனால் அதே கம்பெனியின் செயின்தான் மாட்ட முடியும். என் மேஜையில் இருக்கிற எதுவும் பொருந்தாது.

குற்றாலத்தில் கட்டிக்கொண்டே குளிக்கலாமா? திருச்செந்தூர்க் கடலில்?

தண்ணீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று பின்னால் எழுதியிருப்பதை நம்பி அருவியில் நிற்காதீர்கள். கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீருக்குத்தான் அது. குளிப்பதற்கு 100 மீட்டராவது இருக்க வேண்டும். கடல் தண்ணீர் பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் செயினை அலசுங்கள். ஸ்டீல் துருப்பிடிக்காது என்பது முழு உண்மை இல்லை. கண்ணிகளின் இடுக்கில் உப்பு தங்கி, காற்றும் படாமல் இருந்தால் நல்ல ஸ்டீலும் அரிக்கும். வியர்வையிலும் உப்புதான்.

"செயின் இழுத்துப்போச்சு" என்று சொல்லி வருகிறவர்களுக்கும் இதே காரணம்தான். ஸ்டீல் இழுபடாது. கண்ணிக்குள் போன தூசியும் வியர்வையும் சேர்ந்து அரைக்கிற மாவு மாதிரி ஆகி, கண்ணிகளைக் கோக்கும் பின் ஊசியையும் அதன் துளையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் இந்த வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும். தேய்ந்த செயினைப் படுக்கவாட்டில் பிடித்தால் வில் மாதிரி தொங்கும், கையில் எந்த அளவிலும் நிற்காது. மாதம் ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு ஷாம்பு, பழைய மெல்லிய டூத் பிரஷ். இவ்வளவு செய்தால் பல வருஷம் கூடுதலாக உழைக்கும். வாட்ச் தண்ணீர் தாங்காதது என்றால் செயினை மட்டும் கழற்றிக் கழுவுங்கள்.

செயின் பட்ட இடத்தில் அரிக்கிறது.

முதலில் செயினைக் கழுவிப் பாருங்கள், பாதித் தொல்லை அழுக்கால்தான். கழுவியும் அரித்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். மேல்பூச்சு போன மலிவுச் செயின்களில் இது அதிகம். டைட்டானியத்துக்கோ துணி ஸ்ட்ராப்புக்கோ மாறுங்கள். புண்ணாகும் வரை விடாமல் தோல் டாக்டரைப் பாருங்கள்.

கண்ணியை வீட்டிலேயே எடுக்கலாமா?

பொறுமை இருந்தால் எடுக்கலாம். பெரும்பாலான செயின்களில் கண்ணியின் உள்பக்கம் சின்ன அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டுகிற திசையில் பின்னைத் தள்ளி வெளியே எடுக்க வேண்டும். திரும்பப் போடும்போது அம்புக்கு எதிர்த்திசையில் செருக வேண்டும். சில செயின்களில் பின்னோடு ஒரு குட்டிக் குழாய் இருக்கும். அது கீழே விழுந்து தொலைந்தால் பின் நிற்காது. அதனால் வெள்ளைத் துண்டு விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள்.

லக்கில் இருக்கும் ஸ்பிரிங் பாரில் மட்டும் அசட்டை கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலை கற்றுக்கொண்டிருந்த வயதில் என் அப்பாவின் வாட்சுக்கு நானே புதுச் செயின் மாட்டினேன். நீளம் சரியாக இருந்தது என்று கையில் கிடைத்த மெல்லிய பாரைப் போட்டுவிட்டேன். லக் துளைக்கு அது தளர்வு. ஒரு வெள்ளிக்கிழமை குறுக்குத்துறைப் படித்துறையில் அப்பா குனிந்து முகம் கழுவும்போது பார் நழுவி, வாட்ச் தாமிரபரணியோடு போய்விட்டது. அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அன்றிலிருந்து யார் வாட்சைக் கொண்டுவந்தாலும், கேட்காவிட்டாலும், பாரை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறேன். நீளம் மட்டும் போதாது, தடிமனும் துளைக்குப் பொருந்த வேண்டும்.

அப்பாவின் பழைய எச்.எம்.டி. இருக்கிறது. மகள் நான் கட்டிக்கொள்ள முடியுமா?

தாராளமாக. அந்தக் காலத்து எச்.எம்.டி. ஆண்கள் வாட்சுகள் பலவும் ஏறக்குறைய 35 மி.மீ. குறுக்களவில்தான் இருக்கும். இன்றைக்குப் பெண்கள் கைக்கு அது மிகப் பொருத்தமான அளவு. பெரிதாகத் தெரிகிறது என்றால் காரணம் அதில் மாட்டியிருக்கும் செயின். பல வாட்சுகளில் பிற்பாடு அகலமான ஸ்பிரிங் செயினைப் போட்டிருப்பார்கள். இழுத்தால் விரிகிற அந்தச் செயின் கட்டுவதற்கு லேசு, ஆனால் கை ரோமத்தைப் பிடுங்கும், மெலிந்த கையில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துவிட்டு லக் அகலத்தை அளந்து, பெரும்பாலும் 18 மி.மீ. வரும், மெல்லிய மெஷ் செயினோ நன்றாக ஒடுங்குகிற சின்னக் கண்ணிச் செயினோ மாட்டலாம். முனை வளைந்த எண்ட் லிங்க் கேஸோடு பொருந்தவில்லையென்றால் நேர்முனைச் செயினே போடுங்கள். நடுவில் கொஞ்சம் இடைவெளி தெரிந்தாலும் பழைய வாட்சுக்கு அது உறுத்தாது.

பழைய செயினைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்பா கட்டியது கண்ணிச் செயின் என்றால், அவர் கைக்கு அளவு பார்த்தபோது எடுத்த கண்ணிகள் சாமி அறை டப்பாவிலோ பீரோ லாக்கரிலோ ஒரு காகிதப் பொட்டலத்தில் கிடக்கும். தேடி எடுத்து, வாட்சோடு சேர்த்துக் கொண்டு வாருங்கள். அதிலிருந்தே உங்கள் கைக்கு ஆகுமா என்று முதலில் பார்த்துவிடலாம்.